நிரப்பப்படாத ஒரு படிவம்: தருமபுரியில் ஒரு வாடகை வழக்கு

இந்த வழக்கில் எவரும் எவரையும் ஏமாற்றக் கிளம்பவில்லை. தருமபுரி நகரில், பென்னாகரம் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் ஒரு மாடி வீடு. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர், அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் 2016 முதல் குடியிருந்தவர் தனியார் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண். உடன் அவருடைய தாயாரும் பள்ளியில் படிக்கும் மகனும். வாடகை 6,500 ரூபாய், அட்வான்ஸ் 50,000 ரூபாய். ஏழு ஆண்டுகள் ஒரே கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு, விசேஷ நாளில் பலகாரம் கொடுத்து வாங்கிக்கொண்டு இருந்தவர்கள், எட்டாம் ஆண்டில் ஒருவர் மீது ஒருவர் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் என்ற முறையில் இந்தக் காகிதக் கட்டு என் கைக்கு வந்தது. இருவரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். எழுதக் காரணம், கட்டு முழுவதையும் தேதி வரிசையில் அடுக்கிப் படித்தபோது கண்ட ஒரு விஷயம். வாடகை தொடர்பான 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒரு படிவம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யக் கோரும் விண்ணப்பம் அது. அந்தப் படிவம் எதையெல்லாம் கேட்கிறதோ, அதையெல்லாம் வைத்துத்தான் இவர்கள் இருவரும் சண்டையிட்டிருந்தார்கள். படிவத்தை ஒருவரும் நிரப்பியிருக்கவில்லை.

பதினொரு மாதப் பத்திரம்

இருவருக்கும் இடையே எழுத்தில் இருந்தது ஒரே ஒரு தாள். 2017இல், 20 ரூபாய் முத்திரைத்தாளில், நீதிமன்ற வாசலில் உள்ள ஜாப் டைப்பிங் கடையில் அடித்து வாங்கிய வாடகை ஒப்பந்தம். அந்தக் கடைகளில் வார்ப்பு தயாராக இருக்கும். பெயர், முகவரி, தொகை மூன்றையும் மாற்றினால் பத்திரம் தயார். "வீட்டை நல்ல முறையில் வைத்துக்கொள்ள வேண்டியது", "காலி செய்யச் சொல்லும்போது மறு பேச்சின்றிக் காலி செய்ய வேண்டியது" என்பது போன்ற வரிகள் எல்லாப் பத்திரத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். தண்ணீர் யார் பொறுப்பு, மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது, வீட்டில் எத்தனை மின்விசிறி இருந்தது என்பதற்கு அங்கே இடமே கிடையாது. காலம் 11 மாதம்.

ஏன் 11 மாதம் என்று கேட்டால் பலருக்கும் வழக்கம் என்பதற்கு மேல் பதில் தெரியாது. காரணம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு. ஒரு மாதம் குறைத்து எழுதினால் அந்தப் பதிவும் அதன் கட்டணமும் மிச்சம். அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அதில் தவறும் இல்லை.

இவர்களுடைய பத்திரம் 2018இல் காலாவதியானது. புதுப்பிக்க இருவருக்கும் தோன்றவில்லை. மாதாமாதம் வாடகை போய்க்கொண்டிருந்தது. அதுவே ஒப்பந்தம் என்று நினைத்துவிட்டார்கள். இடையில், 2019 பிப்ரவரி 22 அன்று, சட்டம் மாறிப்போனது.

1960ஆம் ஆண்டுக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் அன்றோடு விலகியது. மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தப் புதிய சட்டத்தின் 4ஆம் பிரிவு, வாடகை ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும் என்கிறது. இங்கே 11 மாதத் தந்திரம் செல்லாது. எத்தனை மாதமானாலும் பதிவு உண்டு. பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். பதியாவிட்டால், பிறகு திருத்தமாகச் சேர்க்கப்பட்ட 4ஏ பிரிவின்படி, அந்த ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவும் வேறு வேறு என்பதையே இன்னும் பலருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களும் குறிப்பிட்ட காலத்துக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும் என்றது. முதலில் கொடுத்த 90 நாள் அவகாசம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. நம் மாடி வீட்டுக்குச் செய்தி வந்து சேரவில்லை. கீழ் வீட்டுக்கும்தான்.

வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். மாவட்ட ஆட்சியர் நியமிப்பார். வாடகை, ரசீது, தண்ணீர், மின்சாரம், பழுது ஆகியவை அவரிடம் போகும். வீட்டைக் காலி செய்ய உத்தரவிடுவது வாடகை நீதிமன்றம் மட்டுமே. அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம். இந்த மூன்று வாசல்களில் எதற்கு எந்தக் காகிதம் என்பது தெரியாமல் போனதில்தான் முதல் சில வாரங்கள் வீணாயின.

இரண்டு குழாய்கள்

சண்டை தொடங்கியது வாடகையில். திருப்பூரில் வேலை பார்த்த வீட்டுக்காரரின் மகன் திருமணமாகி ஊர் திரும்புவதாக முடிவானது. மாடி வேண்டும். முதலில் நேரடியாகக் கேட்டார். மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், தேர்வு முடியட்டும் என்று அந்தப் பெண் சொன்னார். சில வாரம் கழித்து, அப்படியானால் வாடகை 9,000 என்றார் வீட்டுக்காரர். 2019க்குப் பிறகு அவர் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரே தாவலில் 2,500 ரூபாய் ஏற்றியதை அந்தப் பெண் வெளியேற்றும் வழியாகவே பார்த்தார். பார்த்ததில் தவறில்லை.

அடுத்த மாதம் 6,500 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வீட்டுக்காரர் வாங்கவில்லை. அதற்கடுத்த வாரம் தண்ணீர் நின்றது.

தருமபுரி தெரியாதவர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல் பழுப்பேறியவர்களையும் மூட்டு விறைத்துப்போன முதியவர்களையும் இங்கே பல ஊர்களில் பார்க்கலாம். அதற்காகவே காவிரியிலிருந்து எடுத்து வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆகவே இங்கே பல வீடுகளில் இரண்டு தண்ணீர். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. ஒகேனக்கல் தண்ணீர் குடிக்க, சமைக்க. இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய்.

வீட்டுக்காரர் நிறுத்தியது ஒகேனக்கல் தண்ணீரை மட்டும். தரைத்தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றும் சிறிய மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டார். "மோட்டார் என் மீட்டரில் ஓடுகிறதம்மா. ஏழு வருடமாக அந்த மின்கட்டணத்தை நான்தான் கட்டுகிறேன்" என்றார். அது உண்மை. மாடிக்குத் தனி மின் இணைப்பு; இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போக மீதியை அந்தப் பெண்ணே நேரடியாகக் கட்டிவந்தார். மோட்டார் மட்டும் கீழ் வீட்டு இணைப்பில். யாரும் அதைப் பேசி வைத்ததில்லை.

படிவத்தில் வாடகைக்கு அப்பாற்பட்ட கட்டணங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. மின்சாரம், தண்ணீர், கூடுதல் பொருத்துகள், பிற சேவைகள் எனத் தனித்தனி வரி. 2019இல் இருவரும் உட்கார்ந்து அதை நிரப்பியிருந்தால், "தண்ணீர்" என்ற இடத்தில் பேனா நின்றிருக்கும்; மோட்டார் பேச்சு அப்போதே வந்திருக்கும். மாதம் ஒரு நூறோ நூற்றைம்பதோ எழுதி முடித்திருப்பார்கள்.

திங்கள்கிழமை மனு

தண்ணீர் நின்ற மறு திங்களே அந்தப் பெண் ஆட்சியர் அலுவலகம் போய் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தார். வெள்ளைத்தாளில் மூன்று பக்கம். படித்துப் பார்த்தேன், மனம் கலங்கும்படி இருந்தது. ஏழு ஆண்டு உறவு, கணவர் இல்லாத குடும்பம், தாயாரின் மூட்டுவலி, மகனின் தேர்வு, வீட்டுக்காரர் பேசிய வார்த்தைகள் எல்லாம் இருந்தன. வாடகை எவ்வளவு, எப்போது குடிவந்தார், எந்தத் தேதியில் எந்தத் தண்ணீர் நின்றது, என்ன உத்தரவு வேண்டும் என்பவை இல்லை. கடைசி வரி, "தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

தக்க நடவடிக்கை எது என்று முடிவு செய்யும் வேலையை அப்படி எழுதியவர் படிப்பவரிடம் தள்ளிவிடுகிறார். படிப்பவர், மனுவில் மிரட்டல் என்ற வார்த்தையைக் கண்டு, காவல் நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே இருவரையும் கூப்பிட்டுப் பேசினார்கள், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், இது சிவில் விவகாரம், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். காவல் நிலையத்தைக் குறை சொல்ல முடியாது. அந்த மனுவில் அவர்கள் செய்வதற்கு அதிகம் எதுவும் இல்லை. ஆனால் காவல் நிலையம் வரை போய்வந்ததில் வீட்டுக்காரருக்கு மனம் முறிந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு முதன்முறையாகக் காவல் நிலையப் படி ஏறியவர் அவர். அடுத்த வாரமே வக்கீலைப் பார்த்தார்.

சரியான காகிதம் வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். சக ஊழியர் ஒருவர் சொல்லி அந்தப் பெண் வந்து சேர்ந்தார்.

வாடகை அதிகாரிக்கு எழுதிய மனு ஒன்றரைப் பக்கம். அழுகை எதுவும் இல்லை. குடிவந்த மாதம், வாடகை, அட்வான்ஸ். இரண்டு தொட்டி, இரண்டு குழாய் பற்றிய விளக்கம். ஒகேனக்கல் இணைப்பு நின்ற தேதி. கோரிக்கையாக விசாரணை முடியும் வரை அந்தத் தண்ணீரைத் திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவையை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் திரும்பக் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் வாடகை அதிகாரிக்கு உண்டு. இரண்டு குழாய் விவரத்தை விரிவாக எழுதியது வீண்போகவில்லை. விசாரணையில் வீட்டுக்காரரின் முதல் பதிலே, "தண்ணீர் எங்கே நின்றது? இருபத்து நான்கு மணி நேரமும் குழாயில் வருகிறதே" என்பதுதான். போர் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. மனுவில் வெறுமனே "தண்ணீர்" என்றிருந்தால் அன்றே மனு விழுந்திருக்கும்.

மோட்டார் செலவுக்கு மாதம் 150 ரூபாய் தருவதாக அந்தப் பெண் ஒப்புக்கொள்ள, இணைப்பைத் திரும்பக் கொடுக்குமாறு வாய்மொழியாகவும் பிறகு எழுத்திலும் சொல்லப்பட்டது. தண்ணீர்ச் சண்டை அத்தோடு முடிந்தது.

ஆடி வாடகை

வக்கீல் நோட்டீஸ் இதற்குள் வந்துவிட்டிருந்தது. நான்கு மாத வாடகை பாக்கி, வீடு சொந்தத் தேவைக்கு வேண்டும், ஆகவே காலி செய்ய வேண்டும் என்றது. அதில் குறிப்பிட்டிருந்த பிரிவுகள் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவின் கிளைகள்! வேண்டுமென்றே பாக்கி வைத்தல், சொந்தக் குடியிருப்புக்குத் தேவை ஆகியவை அந்தப் பழைய சட்டத்தில் அரை நூற்றாண்டு ஓடித் தேய்ந்த வாசகங்கள். சட்டம் போன பிறகும் தட்டச்சு வார்ப்பு போகவில்லை. ஜாப் டைப்பிங் கடை பற்றி மேலே சொன்னது வக்கீல் அலுவலகங்களுக்கும் பொருந்தும் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

நான்கு மாதப் பாக்கியில் மூன்று மாதம், வீட்டுக்காரர் தாமே வாங்க மறுத்தவை. மறுத்ததற்குச் சாட்சி இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரின் யோசனைப்படி அந்தப் பெண் முதல் மாதமே மணியார்டரில் அனுப்பியிருந்தார். 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கமிஷன் என்ற கணக்கில் 325 ரூபாய் செலவு. அது வாங்க மறுத்து, திரும்பி வந்தது. திரும்பிய காகிதத்தை அவர் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார். முழுக் கட்டிலும் மிகவும் வலுவான தாள் அதுதான். இரண்டாம் மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் அவருடைய மகன், "அம்மா, அவருடைய எண்ணுக்கு கூகுள் பேயில் அனுப்பிவிடு" என்றான். பதினைந்து வயதுப் பையனின் யோசனை, எங்கள் ஆலோசனை எல்லாவற்றையும் விடச் சிக்கனமாக இருந்தது. மறுக்கப்பட்ட இரண்டு மாதத் தொகையும் சேர்ந்து ஒரே நேரத்தில் வீட்டுக்காரரின் கணக்கில் போய் விழுந்தது. பழைய பழக்கம் உள்ளவர்கள் மணியார்டரையே நம்புகிறார்கள். மறுப்பை நிரூபிக்க அது நல்லது, வாடகையைச் சேர்ப்பிக்க மற்றது நல்லது. எதையும் வாங்காமல் அடம் பிடிப்பவர்களுக்காக வாடகை அதிகாரியிடம் தொகையைச் செலுத்தும் வழியையும் சட்டம் வைத்திருக்கிறது.

புதிய சட்டத்தில் பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற வேண்டுமானால், இரண்டு மாத வாடகை பாக்கி இருக்க வேண்டும். கேட்டு நோட்டீஸ் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாமல் இருந்திருக்க வேண்டும். மூன்று மாதமும் இப்படித் தீர்ந்தது. மிஞ்சியது நான்காவது மாதம். "ஆடி வாடகை வரவில்லை" என்றார் வீட்டுக்காரர்.

வாடகைக்கு ரசீது கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை, கேட்டு வாங்குவது குடியிருப்பவரின் உரிமை. இங்கே ரசீது என்பது கையடக்க நோட்டு ஒன்று. வாடகை வாங்கியதும் வீட்டுக்காரர் அதில் மாதப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். எழுதியது தமிழ் மாதம், தேதி கிடையாது. வாடகை கொடுக்க வேண்டியதோ ஆங்கில மாதம் ஐந்தாம் தேதிக்குள். ஒழுங்காகப் போன மாதங்களில் குழப்பமில்லை. ஆகஸ்ட் 5 அன்று கொடுத்தால் ஆடி, செப்டம்பர் 5 அன்று கொடுத்தால் ஆவணி. பாக்கி என்று சொல்லப்பட்ட அந்த ஆண்டில் ஜூலை மாத வாடகையைச் சம்பளம் தாமதமானதால் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி வாக்கில் கொடுத்திருக்கிறார். அன்று ஆவணி பிறந்துவிட்டது. ஆகவே நோட்டில் "ஆவணி". ஆகஸ்ட் மாத வாடகையைச் செப்டம்பர் ஐந்தில் கொடுத்தபோது மறுபடியும் "ஆவணி". ஆடி என்ற சொல் அந்த ஆண்டுப் பக்கத்தில் இல்லவே இல்லை.

ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள், ஆனால் ஆடி வாடகை கொடுக்காமல் இருந்தார்களாம் என்று நோட்டைப் பார்த்த எங்கள் வக்கீல் சிரித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்கவில்லை. அது அவருடைய கையிலிருந்த ஒரே உண்மையான துருப்பு. ஒரே மாதத்துக்கு இரண்டு முறை வாடகை வாங்கியதாக எந்த வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார் என்ற எளிய வாதத்தில் அது கடைசியில் அடங்கியது. வீட்டுக்காரரும் நேர்மையானவர். இரண்டு ஆவணியையும் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஆமாம், அந்த வருடம் தாமதமாகத்தான் கொடுத்தார்" என்று அவரே ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் பல வாய்தா ஓடியிருக்கக்கூடிய ஒரு பிரச்சினை வராந்தாவில் முடிந்தது. ரசீதில் தேதி, தொகை, எந்த ஆங்கில மாதத்துக்கான வாடகை என்ற மூன்றும் இருந்திருந்தால் வராந்தாவுக்கே வந்திருக்காது.

ஒப்பந்தம் இல்லை என்பதே ஆயுதம்

முதல் நோட்டீஸின் ஓட்டையை எதிர்த்தரப்பு வக்கீல் சீக்கிரம் கண்டுகொண்டார். வாடகை நீதிமன்றத்தில் அவர் போட்ட மனுவில் பழைய சட்டம் மறைந்து 21ஆம் பிரிவு வந்தது. அதன் முதல் காரணமே, வீட்டுக்காரரும் வாடகைதாரரும் 4ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறினார்கள் என்பது. இரண்டாவதாகச் சொந்தத் தேவை.

இங்கே சட்டத்தின் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பது என் கருத்து. ஒப்பந்தம் எழுதாதது இருவரின் தவறு. நடைமுறையில், எழுதலாமா என்று குடியிருப்பவர் கேட்டால் "நம்பிக்கை இல்லையா?" என்பார்கள், வீட்டுக்காரர் கேட்டால் மறு நாளே எழுதிவிடுவார்கள். அடையாளச் சான்று நகலோடு அரசிடம் பதிய வேண்டும் என்றதும் வருமான வரி நினைவுக்கு வந்து பின்வாங்கும் வீட்டுக்காரர்களும் குறைவில்லை. ஆனால் தவறின் விளைவாக வீட்டை இழப்பவர் ஒருவர் மட்டுமே. ஒப்பந்தம் கேட்டு மறுக்கப்பட்டதாக அந்தப் பெண்ணிடம் ஒரு குறுஞ்செய்தி இருந்திருந்தால்கூட வேறு விதமாக வாதாடியிருக்கலாம். அவர் கேட்டதே இல்லை. பதிவு விண்ணப்பத்தைக் கொடுப்பது வீட்டுக்காரரின் வேலை மட்டும் அல்ல, வாடகைதாரரும் கொடுக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியாது.

இந்த நிலையில் வென்றே தீர வேண்டும் என்று நிற்பது அவருக்கு நல்லதல்ல என்றே எங்கள் பக்கம் நினைத்தோம். வீட்டுக்காரரின் தேவையும் பொய் இல்லை. மருமகள் ஏற்கெனவே வந்து, கீழே இரண்டு அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். சமரசம் பேசலாம் என்று இரு தரப்பு வக்கீல்களும் ஒப்புக்கொண்டார்கள். எதை வைத்துப் பேசுவது? முதல் அட்டவணைப் படிவத்தை அச்செடுத்து மேசையில் வைத்தோம். பதிவதற்காக அல்ல, பேச வேண்டியவற்றின் பட்டியலாக.

பெயர், முகவரி வரிகளில் சிக்கலில்லை. குடிவந்த தேதியும் ஒத்துப்போனது. வீட்டின் விவரம் என்ற இடத்தில் மொட்டை மாடி வந்தது. துணி காயப்போட, வற்றல் போட அந்தப் பெண் பயன்படுத்தியது உரிமையா, சலுகையா என்று அரை மணி நேரம் போனது. காலி செய்யப் போகும் வீட்டின் மொட்டை மாடிக்காக! ஆனால் அதைப் பேசி முடித்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு சீரானது.

பிறகு, வீட்டோடு கொடுத்த பொருள்கள். இந்த வரியைத்தான் நான் எல்லோருக்கும் காட்டுகிறேன். மூன்று மின்விசிறிகளில் இரண்டு வீட்டுக்காரருடையவை, ஒன்று குடியிருந்தவர் வாங்கியது, எது எது? ஜன்னல் கொசுவலை அவர் போட்டது. வெந்நீர் கீசர் அவர் வாங்கி, வீட்டுக்காரரின் செலவில் பொருத்தியது. கழற்றினால் சுவரில் ஓடு உடையும். அந்தக் கீசரைப் பற்றிப் பேசும்போது, தண்ணீர் நின்ற நாளில் இருந்ததைவிடக் குரல்கள் உயர்ந்தன.

அட்வான்ஸ் கணக்கில் இரண்டாம் அட்டவணை உதவியது. எந்தப் பழுது யாருடைய செலவு என்று பிரித்துச் சொல்லும் பட்டியல் அது. கட்டடத்தின் பெரிய பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய் மாற்றுவது, மின் கம்பி வேலை ஆகியவை வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், கழுவு தொட்டிப் பழுது, சுவிட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, கீசர் பழுது ஆகியவை குடியிருப்பவருக்கு. வீடு காலி செய்யும்போது வெள்ளையடிப்புக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது நம் ஊர்களில் கேள்வி கேட்காத பழக்கம். வீட்டுக்காரரும் 6,500 ரூபாயை அப்படித்தான் கழித்திருந்தார். அட்டவணையை அவர் வக்கீலே அவருக்குப் படித்துக் காட்டினார். மனமில்லாமல் விட்டுக்கொடுத்தார். கழுவு தொட்டி, இரண்டு சுவிட்ச் ஆகியவற்றுக்கு 1,200 ரூபாயைக் குடியிருந்தவர் ஏற்றார்.

அட்வான்ஸ் தொகையே 50,000 என்பது தனிக் கதை. 11ஆம் பிரிவு மூன்று மாத வாடகையை அளவாக வைக்கிறது. இங்கே அது 19,500. மாவட்டம் தாண்டி ஓசூர்ப் பக்கம் போனால் பெங்களூரு வழக்கத்தைப் பார்த்துப் பத்து மாத வாடகை கேட்பவர்களும் உண்டு. இந்த வழக்கில் அதைக் கிளப்பிப் பயனில்லை. கொடுத்த பணம் திரும்பினால் போதும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் ஓய்வூதியக்காரர், 2016இல் வாங்கிய அட்வான்ஸ் அப்போதே மேல்தளத்துப் பூச்சு வேலையில் கரைந்துவிட்டது. புதுக் குடித்தனக்காரர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கிப் பழையவருக்குக் கொடுப்பதுதான் பல வீடுகளின் வழி. இங்கே புதிதாக வருவது சொந்த மகன். அதனால்தான் வீட்டுக்காரர் முதல் நாள் முதல் இத்தனை கடுமையாக இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர் அதை எந்த மனுவிலும் எழுதவில்லை, வக்கீலிடமும் சொல்லவில்லை.

அது தெரிந்ததும் கணக்கு எளிதானது. கடைசி இரண்டு மாத வாடகை 13,000 ரூபாயை அட்வான்ஸில் கழித்துக்கொள்வது. பழுதுக்கு 1,200. கீசர் சுவரிலேயே இருக்கட்டும், அதற்கு 3,000 ரூபாயை வீட்டுக்காரர் கொடுப்பது. ஆகத் திரும்ப வேண்டியது 38,800. கூட்டு மனுவில் கையெழுத்திடும் நாளில் 20,000, சாவி கொடுக்கும் நாளில் 18,800. மே மாதக் கடைசியில் காலி செய்வது. அதுவரை 6,500 ரூபாயே வாடகை, மோட்டாருக்கு 150. சாவி ஒப்படைக்கும்போது இருவரும் மீட்டர் அளவைக் குறித்து, அறை வாரியாகப் பார்த்து, தேதியிட்டுக் கையெழுத்திட்ட ஒரு தாளை ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது. இவை அனைத்தும் கூட்டு மனுவில் எண்ணிட்டு எழுதப்பட்டு, நீதிமன்றத்தில் பதிவாகி, வழக்கு முடிந்தது.

மே மாதம் காலி செய்தார்கள். இரண்டாம் தவணை அன்றே வந்தது. வீட்டுக்காரரின் மகன் கூகுள் பேயில் அனுப்பினார். மாடியில் கழற்றிய மின்விசிறி ஒன்றா இரண்டா என்று வாசலில் சிறு பேச்சு வந்ததாம். கூட்டு மனுவின் நகலைப் பையிலிருந்து எடுத்து, ஆறாவது பத்தியை அந்தப் பெண்ணின் தாயார் வாசித்துக் காட்டியிருக்கிறார். ஒன்றுதான்.

இலக்கியம்பட்டிப் பக்கம் இப்போது அவர்கள் பார்த்திருக்கும் வீட்டில் வாடகை 7,500, அட்வான்ஸ் மூன்று மாதம். முதல் அட்டவணைப் படிவத்தை நிரப்பிப் புது வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கிறார். "தண்ணீர்" என்ற இடத்தில் ஒகேனக்கல், போர் என்று இரண்டு வரி. வீட்டுக்காரர் தம் மகனிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.